சுயமரியாதைத் திருமணம்: குடும்பத்தில் முதல் ஆளாகச் செய்பவர்களுக்கு

உங்கள் சொந்தபந்தத்தில் இதுவரை யாரும் புரோகிதர் இல்லாமல் கல்யாணம் செய்ததில்லை, நீங்கள்தான் முதல் என்றால், மண்டபத்துக்கு வருகிற நானூறு ஐந்நூறு பேரில் பெரும்பாலோருக்கும் அதுதான் முதல் அனுபவம். அவர்கள் வீடுகளிலும் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். "நம்ம வீட்டுலயும் இப்படிச் செய்யலாம் போலிருக்கே" என்று இரண்டு பேர் பேசிக்கொண்டே பந்திக்குப் போனால், அடுத்த கல்யாணத்துக்கான விதை விழுந்துவிட்டது. "கல்யாணமா அது, பொதுக்கூட்டம் மாதிரி இருந்துச்சு" என்று பேசிக்கொண்டு போனால், அடுத்து கேட்கப்போகும் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் பதில் உங்கள் கல்யாணமாகத்தான் இருக்கும். அதனால் கொள்கையில் உறுதியாக இருப்பது பாதி வேலைதான். பார்ப்பவர்கள் அப்படியே எடுத்துத் தங்கள் வீட்டில் செய்யக்கூடிய விதத்தில் அதை நடத்திக் காட்டுவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்குத்தான் இந்தக் குறிப்பு.

இந்த முறை பரவிய வரலாறும் அதையே காட்டுகிறது. முதல் சுயமரியாதைத் திருமணம் 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்தது. அப்போது அதற்குச் சட்டத்தின் துணை கிடையாது. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், சடங்கு இல்லாத இத்தகைய திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் ஊர் ஊராக நடந்துகொண்டேதான் இருந்தன. அண்ணா முதலமைச்சரான பிறகு 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த திருமணங்களையும் அது செல்லும் என்று ஏற்றது. நாற்பது ஆண்டுகள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் செய்து காட்டிய பிறகுதான் சட்டம் வந்து சேர்ந்தது. உங்களுக்கு அந்தச் சட்டம் கையிலேயே இருக்கிறது. மீதமிருப்பது வீடும் ஊரும்.

எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது

முதலில் இருவரும் தனியாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். வழக்கமான கல்யாணத்தில் உள்ள எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்: ஜாதகம், வரதட்சணை, சீர்வரிசை, பத்திரிகையில் சாதிப் பட்டம், பந்தக்கால், நலங்கு, புரோகிதர், ஓமம், முகூர்த்த நேரம், தாலி, அட்சதை, காலில் விழுவது, ஆரத்தி, நாதஸ்வரம், வாசலில் வாழைமரம், கோலம், பட்டுப்புடவை, மொய். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: கட்டாயம் வேண்டாம், இருந்தாலும் பரவாயில்லை, வேண்டும்.

"கட்டாயம் வேண்டாம்" பட்டியல் நான்கைத் தாண்டக் கூடாது. ஒருவரை உயர்த்தி இன்னொருவரைத் தாழ்த்துகிற வழக்கங்களை அதில் வையுங்கள்: சாதிப் பட்டம், வரதட்சணை, புரோகிதர், கைம்பெண்களை மேடைக்குப் பின்னால் ஒதுக்குவது. யாரையும் தாழ்த்தாத வாழைமரம், கோலம், நாதஸ்வரம், தவில், மல்லிகைப்பூ எல்லாம் இருக்கட்டும். கல்யாண வீடு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பதினெட்டு வழக்கத்தையும் ஒரே நாளில் நீக்கிவிட்டு, மண்டபத்தில் நாற்காலியும் மைக்கும் மட்டும் மிஞ்சும்போது, பெற்றோருக்கு மகன் கல்யாணம் நடந்த மாதிரியே இருக்காது.

தாலி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டப்படி அது கட்டாயமில்லை. தினமும் கழுத்தில் போடப்போவது மணமகள். ஆகவே அந்த முடிவு அவருடையது மட்டுமே. மணமகன் கொள்கைப் பிடிப்பு உள்ளவர் என்பதற்காக, வேண்டும் என்று நினைக்கிற பெண்ணிடம் வேண்டாம் என்று வற்புறுத்துவதும் சுயமரியாதைக்கு எதிரானதுதான். அவர் வேண்டாம் என்றால், அதைத் தன் அம்மாவிடம் அவரே சொல்லட்டும். மணமகன் வீட்டில் மணமகன் சொல்லட்டும். எதிர் வீட்டுப் பிள்ளை வந்து சொன்னால் "மனசக் கலைச்சுட்டாங்க" என்ற பேச்சு வரும்.

வீட்டில் பேசும் வரிசை

கல்யாணத்துக்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்குங்கள். எல்லோரும் கூடியிருக்கும் பொங்கல் அன்றோ பூ வைக்கும் அன்றோ அறிவிக்கக் கூடாது. கூட்டத்தில் அறிவித்தால் ஒவ்வொருவரும் மற்றவர் முன்னால் ஒரு நிலைப்பாடு எடுத்தாக வேண்டும். எடுத்ததை விட்டு இறங்க மாட்டார்கள். தனித்தனியாகப் பேசுங்கள்.

முதலில் அம்மா. அவருடைய பயம் பெரும்பாலும் சாமி பற்றியதாக இருக்காது. "நாளைக்கு ஏதாவது ஆயிட்டா, முறையாச் செய்யலைனு என்னைத்தான் சொல்வாங்க" என்பதுதான் உள்ளே இருக்கும். இதற்கு வாதம் பதிலாகாது. கல்யாணத்துக்கு முன்னோ பின்னோ அவர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துகொள்ளட்டும், குலதெய்வத்துக்குப் படையல் போடட்டும். அது அவருடைய நம்பிக்கை, மேடை உங்களுடையது. இந்தப் பிரிவினையை அம்மாக்கள் நாம் நினைப்பதைவிட எளிதாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்து தாய்மாமன். பல குடும்பங்களில் மாமன் சீர், மாலை போடும் உரிமை என்று அவருக்கு ஒரு இடம் உண்டு. சடங்கு போனால் தன் இடமும் போகிறது என்று அவர் நினைத்தால், வீட்டில் எழும் எதிர்ப்புக்கு அவரே தலைவராகிவிடுவார். போய்ப் பார்க்கும்போதே அவருக்கு ஒரு வேலையைச் சொல்லுங்கள்: "மாமா, மாலையை நீங்கதான் எடுத்துக் கொடுக்கணும்" அல்லது "சாட்சிக் கையெழுத்து நீங்க போடணும்." கௌரவம் குறையாது என்று தெரிந்ததும் பாதிப் பேர் இறங்கி வருவார்கள்.

மூன்றாவதாக, கல்யாணம் ஆகாத தங்கை வீட்டில் இருந்தால், அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். "அண்ணன் இப்படிச் செஞ்சுட்டா இவளுக்கு எவன் வருவான்" என்ற கவலை பெற்றோருக்கு நிச்சயம் இருக்கும். அது உண்மையான கவலை. சிரித்து ஒதுக்கக் கூடாது. தங்கையே "எனக்கும் இதே மாதிரிதான் வேணும்" என்றாலோ, "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாலோ அந்தக் கவலை பெரிதும் குறையும். அவர் தயங்கினால், எது அவரைப் பாதிக்கும் என்று அவரிடமே கேட்டு, பத்திரிகை வாசகம் போன்ற சிறிய இடங்களில் மாற்றிக்கொள்ளலாம்.

சம்பந்தி வீட்டைக் கடைசியில் வையுங்கள். உங்கள் வீடு ஒரே குரலில் பேசத் தொடங்கிய பிறகு அங்கே போக வேண்டும்.

பேசும்போது பெரியார், அறிவியல், வேதம் என்று தொடங்காதீர்கள். சொற்போரில் நீங்கள் ஜெயித்தால் அப்பா தோற்கிறார். தோற்ற அப்பா மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க மாட்டார். என்ன நடக்கப்போகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு, யார் மேடையில், யார் மாலை எடுத்துக் கொடுப்பது, எப்போது சாப்பாடு. கண்முன் ஒரு காட்சி தெரிந்துவிட்டால் எதிர்ப்பு மெல்லத் தளரும்.

மொய்

"மொய் தவிர்க்கவும்" என்று பத்திரிகையில் போடும் ஆசை பலருக்கு வருகிறது. மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களில் மொய் என்பது நோட்டில் எழுதி வைத்த கடன். உங்கள் பெற்றோர் இருபது வருடமாக ஊரெல்லாம் செய்தது திரும்பி வரும் நாள் அது. அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை, அவர்களுக்குத்தான். இந்த ஒன்றில் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

தேதியும் நேரமும்

ராகு காலத்தில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக நேரம் குறிப்பவர்கள் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு முன் அதற்கு ஒரு தேவை இருந்தது. பயத்தை நேருக்கு நேர் உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. இப்போது குடும்பத்தில் முதல் ஆளாகச் செய்பவருக்கு எங்கள் யோசனை: ஞாயிறு காலை 10 மணி. ஞாயிறு ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை, எமகண்டம் நண்பகல் 12 முதல் 1.30 வரை. காலை 10 மணிக்கு நம்பிக்கை உள்ள பாட்டிக்கும் சங்கடம் இல்லை, நீங்களும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை, விடுமுறை என்பதால் எல்லோருக்கும் வர வசதி. எந்த நேரத்தைத் தேர்ந்தாலும் பத்திரிகையில் மணியை மட்டும் போடுங்கள். நல்ல நேரம், கெட்ட நேரம் எதையும் குறிப்பிட வேண்டாம்.

மாதம் விஷயத்தில் துணிச்சலாக இருக்கலாம். ஆடி, மார்கழியில் மண்டபங்கள் காலியாக இருக்கும்; சமையல் மாஸ்டர், போட்டோகிராபர், மைக்செட், நாதஸ்வரக் குழு எல்லோரும் கிடைப்பார்கள், வாடகையும் பேசிக் குறைக்கலாம். முகூர்த்த நாளில் ஒரே ஊரில் நாலு கல்யாணத்துக்கு ஓடுகிற உறவினர், அன்று உங்கள் வீட்டில் மட்டும் இருப்பார். முந்தின நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம் என்று இரண்டு நாளாக இழுக்காமல் ஒரே நிகழ்ச்சியாக வைத்தால் இரவு விருந்து, காலை டிபன், மதியச் சாப்பாடு என்ற மூன்று வேளை ஒன்றாகிவிடும். சுயமரியாதைத் திருமணத்தில் பெரிய மிச்சம் இங்கேதான். ஐயர் தட்சணையில் மிச்சமாவது சொற்பம்.

பத்திரிகை

மேலே "ஸ்ரீ", "துணை" இருக்கும் இடத்தை வெறுமையாக விடலாம். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி வருடம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்று நீளும் வாக்கியத்துக்குப் பதில், நாளும் நேரமும் இடமும் ஒரே வரியில். விழாவின் பெயராக "வாழ்க்கை இணையேற்பு விழா", "சுயமரியாதைத் திருமணம்" இரண்டும் வழக்கத்தில் உண்டு. நாங்கள் பரிந்துரைப்பது இரண்டாவது. பத்திரிகை நாளைக்குச் சார்பதிவாளர் மேசைக்கும் போகும், அங்கே "திருமணம்" என்ற சொல் கண்ணில் பட்டால் கேள்வி குறைகிறது.

பெற்றோர் பெயர்களில் அம்மா பெயரை முன்னாலோ, சம அளவு எழுத்திலோ போடுங்கள். கணவரை இழந்த அம்மாவாக இருந்தால் அழைப்பவராக அவர் பெயரே இருக்க வேண்டும். சித்தப்பா பெயரைப் போட்டு அவரை ஒளிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது.

சாதிப் பட்டம்தான் உண்மையான சிக்கல். உங்கள் பெயரில் இருக்காது. அடியில் வரும் "தங்கள் நல்வரவை விரும்பும்" பட்டியலில், தாத்தா பெயரோடும் பெரியப்பா பெயரோடும் வந்து நிற்கும். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாகாண மாநாடு பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்டது. இன்றும் பத்திரிகையின் அடிப்பகுதியில் அது பாக்கி இருக்கிறது. தீர்வு: யாருக்கும் விதிவிலக்கு இல்லாமல், எல்லாப் பெயரும் முதலெழுத்தோடு மட்டும். ஒருவருக்கு நீக்கி இன்னொருவருக்கு வைத்தால்தான் சண்டை வரும். அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரியப்பாவிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அச்சான பிறகு பார்த்தால் கோபம், முன்பே சொன்னால் முணுமுணுப்போடு போய்விடும். அச்சகத்தின் மாதிரிப் படியைக் கடைசி வரிவரை நீங்களே பாருங்கள். அச்சகத்தில் பழைய பத்திரிகையின் கோப்பைத் திறந்து அதன் மேல்தான் பெயர் மாற்றுகிறார்கள். பிள்ளையார் சுழியும் பட்டமும் அப்படித்தான் திரும்பி வந்து உட்கார்கின்றன.

மேடை: ஒரு மணி நேரம், அதற்கு மேல் இல்லை

ஆரம்ப காலச் சுயமரியாதைத் திருமணங்கள் பிரச்சார மேடைகளாகவும் இருந்தன. பல ஊர்களில் பெண்கள் உட்கார்ந்து சொற்பொழிவு கேட்கக் கிடைத்த வாய்ப்பே கல்யாண வீடுதான். அந்தப் பழக்கம் காரணமாக இன்றும் ஏழு பேச்சாளர்கள், ஆளுக்கு இருபது நிமிடம் என்று போகிறது. பசியோடு இருக்கும் கூட்டத்தை எந்தக் கொள்கையும் கவராது. எங்கள் நிரல்:

9.30 நாதஸ்வரம், வரவேற்பு
10.00 மணமக்கள் இருவரும் சேர்ந்து நடந்து மேடைக்கு வருதல்
10.05 வரவேற்புரை, 3 நிமிடம்
10.08 தலைமை ஏற்பவர் இந்தத் திருமண முறையை விளக்குதல், 7 நிமிடம்
10.15 உறுதிமொழி
10.20 மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல் (விரும்பினால் தாலி)
10.25 திருமணச் சான்றிதழில் கையெழுத்து, சாட்சிகள்
10.30 வாழ்த்துரை, மூவர், ஆளுக்கு 5 நிமிடம்
10.50 மணமக்கள் நன்றி கூறுதல்
11.00 முதல் பந்தி

உறுதிமொழி முதல் இருபது நிமிடத்துக்குள் வர வேண்டும் என்பது முக்கியம். பேச்சு எல்லாம் முடிந்து கடைசியில் மாலை மாற்றினால், முக்கியமான தருணத்தில் பாதிக் கூட்டம் பந்தி வாசலில் நிற்கும்.

தலைமைக்கு யாரை அழைப்பது? கட்சிக்காரர் வந்தால் கூட்டம் கட்சிக் கூட்டமாகும். ஊரில் மதிப்புள்ள ஆசிரியை, ஓய்வுபெற்ற செவிலியர், குடும்ப மருத்துவர் போன்றவர்கள் நன்றாக அமைவார்கள். பெண் தலைமை ஏற்றால் அதுவே கூட்டத்துக்குப் புதிய காட்சி. அவருக்கும் பேச்சாளர்களுக்கும் ஒரு வாரம் முன்பே ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள். அதில் மூன்று வேண்டுகோள்: வந்திருப்பவர்களின் கடவுள் நம்பிக்கையைத் தாக்க வேண்டாம், கணவன் மனைவி பற்றிய துணுக்குகள் வேண்டாம், மணமகளுக்கு மட்டும் பொறுமை, விட்டுக்கொடுத்தல் பற்றிய அறிவுரை வேண்டாம். "பிறக்கும் குழந்தைக்கு நல்ல தமிழ்ப் பெயர் சூட்டுங்கள்" என்ற வாழ்த்து இந்த மேடைகளில் வழக்கமாகிவிட்டது. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் கல்யாணத்தன்றே பெண்ணின் மேல் பிள்ளைப்பேற்றை ஏற்றிவைக்கிறது. அதையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

கைம்பெண்ணான அம்மாவோ அத்தையோ பாட்டியோ மாலை எடுத்துக் கொடுப்பதை மேடையின் நடுவில் வையுங்கள். ஒரு மணி நேரச் சொற்பொழிவு செய்யாததை அந்தக் காட்சி செய்துவிடும். ஆனால் முன்கூட்டிக் கேளுங்கள். "நான் வேண்டாம்ப்பா, ஏதாவது ஆனா எம்மேல வரும்" என்று பின்வாங்குவார்கள். தனியாக நிற்க வைக்காமல், அவரும் சம்பந்தி அம்மாவும் சேர்ந்து ஒரே தாம்பாளத்தைப் பிடித்துக் கொடுக்கும்படி செய்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கடைசிவரை தயங்கினால் விட்டுவிடுங்கள். அவரைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது.

சின்ன ஏற்பாடுகளில்தான் பெரிய குழப்பம் வரும். தவில்காரர்கள் "கெட்டிமேளம்" என்று ஐயர் கைகாட்டுவதற்காகக் காத்திருந்து பழகியவர்கள்; இங்கே யாரும் கைகாட்டாவிட்டால் மாலை மாற்றும்போது மண்டபம் சப்தமில்லாமல் இருக்கும், கல்யாணம் முடிந்ததே யாருக்கும் தெரியாது. அதற்கென்று ஓர் ஆளை நியமித்து, முந்தின நாளே தவில்காரரிடம் அறிமுகப்படுத்துங்கள். உறுதிமொழியின்போது மேளம் முழுவதும் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். போட்டோகிராபரிடம் நிரலின் ஒரு படியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவரே "பொண்ணு கால்ல விழுங்க, மாப்ள குங்குமம் வைங்க" என்று சடங்கு நடத்தத் தொடங்கிவிடுவார். அரிசி அட்சதை வேண்டாம் என்றால் உதிரிப்பூவைத் தட்டுகளில் வரிசை வரிசையாக அனுப்புங்கள். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் கூட்டம் தவிக்கும். மேடையில் இரண்டு கை மைக், அவற்றுக்குப் புது பேட்டரி. ஒரே மைக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தால் யாராவது ஒருவர் குரல் பாதியில் போகும், பெரும்பாலும் மணமகள் குரல்.

உறுதிமொழி

இருவரும் ஒரே வாசகத்தைச் சொல்ல வேண்டும். மணமகனுக்கு "காப்பேன்", மணமகளுக்கு "பணிவேன்" என்று பிரித்தால் புரோகிதரை நீக்கியதற்கே பொருளில்லை. சட்டம் கேட்பது, இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் கணவராகவும் மனைவியாகவும் ஏற்பதாக அறிவிப்பது. "இணையர்" என்பது நல்ல சொல். ஆனால் கணவர், மனைவி என்ற சொற்களும் வாசகத்தில் இருக்கட்டும். பின்னாளில் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ விவாதம் வராது. ஒரு மாதிரி:

"இங்கே கூடியிருக்கும் உற்றார், நண்பர்கள் முன்னிலையில், (பெயர்) ஆகிய நான், (பெயர்) அவர்களை என் கணவராக, வாழ்க்கை இணையராக ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வருமானம், வீட்டு வேலை, முடிவுகள் அனைத்திலும் இருவருக்கும் சம பங்கு என்று உறுதி கூறுகிறேன். இருவரின் பெற்றோரையும் ஒன்றுபோல் பேணுவேன். அவருடைய படிப்புக்கும் வேலைக்கும் விருப்பங்களுக்கும் துணை நிற்பேன்."

மணமகன் சொல்லும்போது "என் மனைவியாக" என்று மாறும், மற்றதெல்லாம் அப்படியே. மணமகள் முதலில் சொல்லட்டும். மனப்பாடம் வேண்டாம், தடித்த அட்டையில் 18 புள்ளி எழுத்தில் அச்சிட்டு, கையில் வைத்துப் படியுங்கள். வீட்டில் சத்தமாக இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்தால் மூச்சு வாங்கும் இடம் தெரியும். தலைமை ஏற்பவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் முறை வேண்டாம். அது புரோகிதர் இடத்தில் இன்னொருவரை உட்கார வைப்பதாகும். இந்த ஐந்து நிமிடத்தை வீடியோவில் வெட்டாமல், மேலே பாட்டுச் சேர்க்காமல், அசல் ஒலியோடு தனிக் கோப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் முதன்மைச் சான்று.

சட்டமும் பதிவும்

7ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், மேலே சொன்ன அறிவிப்பு, அல்லது மாலை மாற்றுதல் அல்லது மோதிரம் அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல் ஆகியவற்றில் ஒன்று நடந்தால் போதும். ஆனால் ஒன்றுக்கு இரண்டாகச் செய்துவிடுவது நல்லது. மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், முந்தைய திருமண பந்தம் எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது என்ற பொது நிபந்தனைகள் இதற்கும் உண்டு.

இந்தப் பிரிவு இருவரும் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர்களாக இருந்தால்தான் பொருந்தும்; பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம். ஒருவர் கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் மேடையில் மாலை மாற்றுவது மட்டும் சட்டப்படி திருமணமாகாது. 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் செய்ய வேண்டும்: இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுத்து, 30 நாள் காத்திருந்து, அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகளோடு முடிக்க வேண்டும். விழா நாளுக்கு இரண்டு மாதம் முன்பே இதைத் தொடங்காதவர்கள்தான் மண்டபத் தேதி நெருங்கும்போது ஓடுகிறார்கள்.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-ன்படி எந்தத் திருமணமானாலும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. மற்றவர்கள் கோயில் ரசீதையோ மண்டபத்து ஐயரின் சான்றையோ காட்டுவார்கள். உங்களிடம் அது இருக்காது. அதனால் கல்யாணத்தன்றே, தேதி, இடம், "7ஏ பிரிவின்படி" என்ற குறிப்பு, மணமக்கள், தலைமை ஏற்றவர், மூன்று சாட்சிகள் கையெழுத்தோடு ஒரு சான்றிதழ் தயார் செய்யுங்கள், இரண்டு அசல். பத்திரிகை, மண்டப ரசீது, மாலை மாற்றும் படம், வயது மற்றும் முகவரிச் சான்றுகளோடு அதைக் கொண்டுபோங்கள். என்னென்ன படிவம், எத்தனை படம் என்பதை விழாவுக்கு முன்பே அந்த அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். சாட்சிகள் உள்ளூர்க்காரர்களாக இருக்கட்டும். வெளியூர் நண்பரைச் சாட்சியாகப் போட்டுவிட்டு, பதிவு நாளில் அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று தவிப்பது வழக்கமான கதை.

உயிருக்கு அச்சம் இருந்தால்

சாதி மாறிய திருமணத்தில் மிரட்டல் இருந்தால், இதுவரை சொன்ன மண்டபம், பத்திரிகை, நிரல் எதுவும் வேண்டாம். ஊரின் மனதை மாற்றுவது பிறகு, முதலில் உயிர். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 7ஏ திருமணத்துக்குப் பொது விழாவோ பகிரங்க அறிவிப்போ தேவையில்லை என்றும், வழக்கறிஞர்கள் நண்பர் என்ற முறையில் முன்னிருந்து நடத்தலாம் என்றும் தெளிவாக்கியது. அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்றம் 2014-ல் இதற்கு மாறாகச் சொன்னதை அது ஏற்கவில்லை. ஆகவே சில நண்பர்கள் முன்னிலையில், ஒரு அறைக்குள்ளேயே சட்டப்படி திருமணம் செய்யலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் இத்தகைய இணையர்களின் பாதுகாப்புக்கெனச் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி, அதன் படத்தை நம்பகமான இருவரிடம் கொடுத்து வையுங்கள். "வந்து பேசிக்கலாம், எல்லாம் சரியாயிடும்" என்று வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், வழக்கறிஞர் இல்லாமல் போகக் கூடாது.

கல்யாணத்துக்குப் பிறகு

ஊரில் முதலில் வரும் கேள்வி கொள்கை பற்றியதாக இருக்காது, "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்பதாகத்தான் இருக்கும். கணக்கைத் தெளிவாக எழுதி வைத்திருந்து, கேட்பவரிடம் வரிவரியாகச் சொல்லுங்கள். பெண்ணைப் பெற்ற ஒருவருக்கு அந்தக் கணக்குத்தான் இந்த முறையின் முதல் பாடம். அடுத்து அவர் கேட்பது "யார் நடத்தி வைப்பாங்க, பதிவுல ஏதும் பிரச்சினை வருமா" என்று. பத்திரிகை வாசகம், நிரல், உறுதிமொழி, சான்றிதழ் மாதிரி, ஆவணப் பட்டியல் ஆகிய ஐந்தையும் ஒரே கோப்பாக வைத்திருந்து கையில் கொடுத்துவிடுங்கள். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்பே போய் மைக்கையும் மேளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் தாலி வைத்துக்கொண்டாலும், நேரம் பார்த்துச் செய்தாலும் குறை சொல்லாதீர்கள். இரண்டாவது குடும்பம் உங்களைப் படியெடுக்க வேண்டியதில்லை. சாதிப் பட்டமும் வரதட்சணையும் போனாலே பெரிய வேலை முடிந்திருக்கிறது.

உறவினர் வீட்டு வைதிகக் கல்யாணங்களுக்கும் தவறாமல் போங்கள். முதல் பந்தியில் பரிமாறுங்கள், மொய் எழுதுங்கள். அங்கே யாராவது சீண்டினாலும் விவாதம் வேண்டாம். அது அவர்கள் மேடை. கல்யாணம் காட்சிக்கு நல்லது கெட்டதுக்கு வராமல் ஒதுங்கியவர் பேச்சை ஊர் காதில் வாங்காது.

கல்யாணத்தைவிடக் கடினமானது சாவு வீடு. கணவர் இறந்ததும் மனைவிக்குப் பூ வைத்து, வளையல் உடைத்து, தாலியை அறுக்கும் சடங்கை நிறுத்த வேண்டும் என்றால், அதைத் துக்கத்தின் நடுவில் பேச முடியாது. வயதான உறவுக்காரப் பெண்கள் செய்யத் தொடங்கிவிடுவார்கள், தடுக்க யாருக்கும் தெம்பு இருக்காது. இருவரும் உடல்நலத்தோடு இருக்கும்போதே "என் இறப்பின்போது என் மனைவிக்கு எந்தச் சடங்கும் செய்யக் கூடாது" என்று தெளிவாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரு வீட்டிலும் குரல் கொடுக்கக்கூடிய ஒருவரிடம் ஆளுக்கொரு படி கொடுத்து வையுங்கள். பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லக்கூடிய ஒரு பெண்ணிடமும் ஒரு படி கட்டாயம் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆண்கள் வெளியே பந்தலில் இருப்பார்கள்.